பருத்த குடலும் பழுதான குடலும்

நோய்களுக்கு மனிதர் பெயர் வழங்குதல் வைத்திய உலகில் நெடுநாளைய வழக்கம். அத்தகைய பெயரொன்றைப் பாடநூலிற் காணும் மாணவன், அந்நோயின் காரணத்தைக் கண்டவர் இவர், அல்லது அதைத் தீர்க்கும் வழியைக் கண்டவர் இவர் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. உயர்தர வகுப்பு மாணவருக்கு உயிரியல் கற்பித்து வந்த நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். டென்மார்க்கு நாட்டுக் குழந்தை வைத்தியர் ஹாரல்ட் ஹிர்ஷ்ஸ்புருங்கின் வரலாற்றைப் படித்த பின்னரே அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டேன். தம் பெயரால் வழங்கும் நோயை அவர் தீர்த்தவர் அல்லர்; அதன் காரணத்தைக் கண்டவரும் அல்லர். அவர் கருதிய காரணம் பிழையென்று பின்னர் நிறுவப்பட்டது. எனினும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அது நிலைத்தது நியாயமே என்பதை இக்கட்டுரையிற் கூற விரும்புகிறேன்.

வணிகர் குடியில் ஒரு வைத்தியர்

1830ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் கொப்பன்ஹேகன் நகரில் ஹாரல்ட் பிறந்தார். தந்தையார் ஆபிரகாம் மார்க்குஸ் ஹிர்ஷ்ஸ்புருங், ஜேர்மனியிலிருந்து வந்து டென்மார்க்கிற் குடியேறிய யூதர். புகையிலைத் தொழிற்சாலை ஒன்றை நிறுவிப் பெரும் பொருள் ஈட்டியவர். தந்தையின் தொழிலை மைந்தர் ஏற்று நடத்துவது அக்காலத்து வணிகர் குடும்பங்களில் எழுதாச் சட்டம். ஹாரல்ட்டோ மருத்துவம் பயில வேண்டுமென்று விரும்பினார். சகோதரர்களான பேர்ண்ஹார்ட், ஹைன்ரிக் ஆகிய இருவரும் தொழிற்சாலையை ஏற்றுக்கொண்டனர். ஹாரல்ட் தாம் விரும்பிய வழியிற் சென்றார்.

1855ஆம் ஆண்டில் அவர் மருத்துவப் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1861ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டத்துக்கென ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தார். அதற்கு அவர் தெரிந்துகொண்ட பொருளைப் பார்த்தபோது நான் வியப்படைந்தேன். பிறவியிலேயே உணவுக்குழாய் அடைபட்டிருத்தலும், சிறுகுடல் அடைபட்டிருத்தலும் அவ்வாய்வின் பொருள்கள். அவ்வாறு பிறந்த குழந்தைகள் ஒருவரையேனும் அந்நாளில் எவராலும் காப்பாற்ற இயலாது. அடைபட்ட உணவுக்குழாயை ஒரே சத்திரசிகிச்சையில் இணைத்துக் குழந்தையை உயிர்தப்பச் செய்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த கமரன் ஹைட்; அது நிகழ்ந்தது 1941ஆம் ஆண்டில். அஃதாவது, ஹிர்ஷ்ஸ்புருங் அந்நோயைப் பற்றி எழுதி 80 ஆண்டுகள் கழிந்த பின்னர்.

தீர்க்க முடியாத நோயை விவரித்து என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கும் அக்கேள்வி தோன்றியிருக்கும். ஆயினும், எதனால் இறந்தது என்று அறியப்படாமலே ஒரு குழந்தை புதைக்கப்படுமாயின், அடுத்த குழந்தையும் அவ்வாறே புதைக்கப்படும். இறப்பின் இடத்தைக் குறித்துவைத்தல் வாழ்வின் வழிக்கு முதற்படி. அவர் வாழ்நாள் முழுவதும் செய்த பணியை இவ்வொரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம் என்பது என் கருத்து.

அரசியாரும் விலங்குப் படங்களும்

1870ஆம் ஆண்டில் அவர் கொப்பன்ஹேகனிலிருந்த சிறுவர் வைத்தியசாலையின் தலைமை வைத்தியரானார். 1877இல் பேராசிரியர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1879இல் டென்மார்க்கு அரசியார் லூயிஸாவின் பெயரால் புதிய சிறுவர் வைத்தியசாலை திறக்கப்பட்டபோது, அதன் தலைமையும் அவரிடமே வந்தது. நோயுற்ற சிறுவரைப் பெரியோரின் சிற்றுருவங்களாகவே வைத்தியர் பலர் கருதிவந்த காலம் அது. குழந்தையின் உடலுக்கென்று தனி இயல்பும் தனி நோய்களும் உண்டென்று கொண்டு, அதையே முழுநேரத் தொழிலாக ஏற்ற முதல் தலைமுறையினருள் அவரும் ஒருவர்.

அவ்வைத்தியசாலையைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. நோயுற்ற சிறுவரின் கட்டில் ஒவ்வொன்றுக்கும் மேலே வேதாகம வசனங்களைத் தொங்கவிட வேண்டுமென்று அரசியார் விரும்பினாராம். சிறுவர்கள் விலங்குகளின் படங்களைப் பார்க்கவே ஆசைப்படுவர் என்று கூறிய ஹிர்ஷ்ஸ்புருங், தம் கருத்தை விட்டுக்கொடுக்க மறுத்தாராம். அதனால் மனம் வருந்திய அரசியார், தம் பெயர் தாங்கிய வைத்தியசாலைக்கே பின்னர் வருகை தரவில்லை என்பர். அரசியாரின் விருப்பத்தை மறுத்தல் சிறிய காரியமன்று. அதிலும் யூத குலத்தவரான ஒருவர் வேத வசனத்தைப் பற்றிய விடயத்தில் மறுத்தல் இன்னும் கடினம். கட்டிலிற் கிடப்பவர் யார், அவருக்கு எது ஆறுதல் என்ற ஒன்றையே அவர் எண்ணியிருத்தல் வேண்டும்.

ஆசிரியராக இருப்போர் மனத்தைத் தொடும் வேறொரு செய்தியும் உண்டு. அவர் தம் விரிவுரைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் 9 மணி முதல் 11 மணி வரை நிகழ்த்திவந்தார். அந்நேரத்தில் வகுப்புக்கு வரும் மாணவர் மிகச் சிலரே. பிற்காலத்தில் உலகத்து வைத்தியக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் எவர் பெயர் கற்பிக்கப்பட்டதோ, அவருடைய சொந்த வகுப்பில் இருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்தன. ஏழைப் பெற்றோரின் குழந்தைகள் அவரிடம் இலவசமாகச் சிகிச்சை பெற்றனர் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும்.

கைகூடிய காரியங்கள்

தோல்விகளை மட்டும் பதிந்தவர் என்று அவரை எண்ணிவிடலாகாது. சிறு குழந்தைகளுக்கு ஏற்படும் குடற்செருகல் என்னும் நோயில், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். அந்நாளில் வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்தால் பிழைக்கும் குழந்தைகள் அரியர். ஹிர்ஷ்ஸ்புருங் குதத்தின் வழியாக நீரைச் செலுத்தி, அதன் அமுக்கத்தால் செருகிய குடலைப் பின்தள்ளி விடுவிக்கும் முறையைக் கையாண்டார். 1876இல் அதைப் பற்றி எழுதினார். அதன்பின் ஒவ்வொரு குழந்தையின் வரலாற்றையும் தவறாது குறித்து, 1905இல் 107 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பிழைத்திருந்தனர். இறந்தவர்களையும் அவர் மறைக்காமல் எண்ணிக்கையிற் சேர்த்தார். நீரமுக்கத்தாலோ காற்றமுக்கத்தாலோ குடலை விடுவிக்கும் வழி இன்றும் வைத்தியசாலைகளிற் கையாளப்படுகிறது.

பால்குடிக் குழந்தைகளின் இரைப்பைக் கீழ்வாய் தடித்து அடைபடும் நோயையும் 1888இல் வெளிவந்த கட்டுரையில் அவரே தெளிவாக விவரித்தார். அதற்குரிய எளிய சத்திரசிகிச்சையை ஜேர்மனியரான ராம்ஸ்டெட் 1912இல் வெளியிட்டார். இங்கும் முதியவர் குறித்துவைத்தார், இளையவர் தீர்த்துவைத்தார்.

பேர்லினில் கூறிய இரு கதைகள்

1886ஆம் ஆண்டில் பேர்லின் நகரிற் குழந்தை வைத்தியர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அங்கே ஹிர்ஷ்ஸ்புருங் எழுந்து இரண்டு ஆண்குழந்தைகளின் வரலாற்றைக் கூறினார். இரண்டும் பிறந்த நாள் தொட்டே மலங்கழிக்க இயலாமல் வருந்தியவை. வயிறு பானைபோல் உப்பியது. குதத்தின் வழி நீர் ஏற்றிக் கழுவினால் சில நாள் தேறும், மீண்டும் உப்பும். ஒரு குழந்தை 11ஆம் மாதத்திலும், மற்றொன்று 8ஆம் மாதத்திலும் இறந்தன. பிரேத பரிசோதனையிற் பெருங்குடல் அளவுக்கு மீறி விரிந்து, அதன் சுவர் தடித்து, உட்பக்கம் புண்பட்டிருந்தது. ஆனால் குடலின் இறுதிப் பகுதியாகிய மலக்குடல் விரிந்திருக்கவில்லை. அடைப்பென்று சுட்டிக்காட்ட அங்கே கட்டியும் இல்லை, திரையும் இல்லை.

பருத்த குடல்தான் நோயுற்ற குடல் என்று அவர் முடிவு செய்தார். அது பிறவியிலேயே அவ்வாறு பருத்து அமைந்தது என்பது அவர் கருத்து. 1888இல் அவ்வுரை அச்சேறியது. அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1691இல், ஒல்லாந்து நாட்டு உடலமைப்பறிஞர் ரூய்ஷ் இத்தகைய குடலையுடைய ஐந்து வயதுச் சிறுமியைப் பற்றி எழுதியிருந்தார். எனினும், இது ஒரு தனி நோய், பிறவியிலேயே தோன்றுவது, குழந்தையின் முதல் நாட்களிலேயே அடையாளங் காணக்கூடியது என்று வரையறுத்துக் கூறியவர் ஹிர்ஷ்ஸ்புருங். தம்மிடம் மருந்தில்லை என்பதை மறைக்க அவர் முயலவில்லை.

பிழை இருந்த இடம்

பெருங்குடலின் சுவரிலே தசைப் படைகளுக்கிடையில் நரம்புத் திரட்டுக் கலங்கள் சிறு சிறு கூட்டங்களாக அமைந்திருக்கின்றன. குடல் அலைபோலச் சுருங்கியும் தளர்ந்தும் உள்ளிருப்பதை முன்தள்ளுவது அவற்றின் ஆணையால். தாயின் வயிற்றில் முளையம் வளரும்போது இக்கலங்கள் மேலிருந்து கீழ்நோக்கிக் குடலின் வழியே பயணஞ் செய்கின்றன. ஏறத்தாழ 12ஆம் வாரத்தில் இறுதி எல்லையை அடைகின்றன. சில குழந்தைகளில் அப்பயணம் இடையில் நின்றுவிடுகிறது. கலங்கள் சென்றடையாத கடைப்பகுதி, பார்வைக்குச் சாதாரணக் குடலாகவே தோன்றும். ஆனால் அது தளர அறியாது, இறுகியே நிற்கும். அதற்கு மேலுள்ள நற்குடல், மூடிய கதவை முட்டுபவனைப் போல, இரவு பகலாகத் தள்ளித் தள்ளித் தடிக்கிறது. பின்னர் விரிந்து பருக்கிறது.

ஆகவே பருத்த குடல் பழுதற்றது. பழுதான குடல் பருக்காதது. ஹிர்ஷ்ஸ்புருங்கின் கண்முன்னே இரண்டும் இருந்தன. விரிந்திருக்கவில்லை என்று அவரே எழுதிவைத்த அப்பகுதியிலேதான் நோய் இருந்தது.

1901இல் டிட்டல் என்பவர் நுணுக்குக்காட்டியின் உதவியால், இத்தகைய குழந்தையொன்றின் குடலில் நரம்புத் திரட்டுக் கலங்கள் இல்லாமையைக் கண்டார். ஆனால் அக்காட்சியின் பொருளை உலகம் உணர அரை நூற்றாண்டு சென்றது. இடைக்காலத்தில் சத்திரவைத்தியர் பருத்த பகுதியை வெட்டியகற்றினர். எஞ்சிய குடல் மீண்டும் பருத்தது. 1927இல் அவுஸ்திரேலியாவில் வேட், ரோயல் என்னும் இருவர் பரிவு நரம்புகளை அறுத்துப் பார்த்தனர். அதுவும் நிலையான பயனைத் தரவில்லை.

வழி திறந்தது பொஸ்டன் நகரிலே. சுவீடனிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓவர் சுவென்சன் என்னும் இளம் சத்திரவைத்தியர், வயிற்றுச் சுவரில் வழிசெய்து பெருங்குடலை வெளியே திறந்துவிட்டால் இக்குழந்தைகள் தேறுவதையும், அவ்வழியை மூடியவுடன் பழைய நோய் திரும்புவதையும் கண்டார். அவ்வாறெனில் மேற்குடல் நன்றாகவே இருக்கிறது, தடை கீழேதான் இருத்தல் வேண்டும் என்று அவர் நியாயித்தார். பேரியக் கரைசலைச் செலுத்தி எடுத்த கதிர்ப் படங்கள் ஒடுங்கிய கடைப்பகுதியைக் காட்டின. அமுக்கத்தை அளந்தபோது அப்பகுதியில் அலையியக்கம் இல்லையென்பது தெரிந்தது. 1948இல் அவரும் பில் என்பவரும் புதிய சத்திரசிகிச்சையை வெளியிட்டனர். ஒடுங்கிய பகுதியை நீக்கி, நற்குடலைக் கீழே இழுத்து, குதத்தின் இறுக்கு தசைக்குச் சேதமின்றி இணைப்பது அதன் சாரம். பேர்லின் கூட்டத்திலிருந்து கணக்கிட்டால் 62 ஆண்டுகள். சுவென்சன் 103 வயதுவரை வாழ்ந்து 2012இல் மறைந்தார். 1956இல் டுஹமெலும், 1960களில் சோவேயும் வேறு முறைகளை வகுத்தனர். 1998 முதல், வயிற்றைக் கீறாமல் குதத்தின் வழியாகவே செய்யும் முறையும் பரவியுள்ளது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: நரம்புத் திரட்டில்லாத குடலை நீக்கு, உள்ள குடலை இணை.

எட்டத்தில் உடையும் குடல்

இந்நோயின் அரிய விபரீதம் ஒன்றை இங்கே விளக்காமல் விட முடியாது. ஏனெனில் ஹிர்ஷ்ஸ்புருங்குக்கு நேர்ந்த பிழை, இன்றைய வைத்தியருக்கும் நேரக்கூடிய இடம் அது.

ஏறத்தாழ 5000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்நோய் உண்டு. ஆண்குழந்தைகளிலே கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலான நோயாளிகளுக்குக் குடலின் கடைசிச் சிறு பகுதியே பழுதாகியிருக்கும். கரும்பச்சை நிறமான முதல் மலம், பிறந்து ஒரு நாள், இரு நாள் சென்றும் வெளிவராமை முதற்குறி. இவர்களுள் மிகச் சிலருக்கு, நோய் இன்னதென்று அறியப்படும் முன்னரே குடல் துளைபட்டுவிடும். அத்துளை பெரும்பாலும் தடை இருக்குமிடத்தில் ஏற்படுவதில்லை. நெடுந்தூரம் மேலே, பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குருட்டுக்குடலிலோ, அதனோடு ஒட்டிய சிறு வாலிலோ ஏற்படும். காரணம் பௌதிகம் பயின்ற மாணவர் அறிந்ததே. ஒரே அமுக்கத்தில், குழாயின் ஆரை பெருகப் பெருகச் சுவரின் இழுவிசையும் பெருகும். குருட்டுக்குடல் எல்லாவற்றிலும் அகன்றது. ஆதலால் கீழே கதவு மூடப்பட, மேலே சுவர் இடிகிறது.

வயிற்றைத் திறக்கும் சத்திரவைத்தியர் துளையைக் காண்கிறார். அதைத் தைத்து மூடிவிட்டுத் தொழில் முடிந்ததென்று எண்ணினால், தடை நீங்காத குடல் மீண்டும் உடையும். பிறந்து சில நாளேயான குழந்தைக்குக் காரணமின்றிக் குடல் துளைபட்டால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டல் வேண்டும். வயிற்றறையைக் கழுவித் துப்புரவு செய்து, துளையைச் சீர்செய்து, குடலின் பல இடங்களிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ்ப் பார்ப்பிக்கிறார். எவ்விடத்தில் நரம்புத் திரட்டுக் கலங்கள் உண்டென்று உறுதியாகிறதோ, அவ்விடத்து நற்குடலை வயிற்றுச் சுவருக்குக் கொண்டுவந்து வெளியே திறக்கிறார். தொற்று நீங்கிக் குழந்தை எடை கூடிய பின்னர், பழுதான பகுதியை நீக்கி இணைக்கும் சத்திரசிகிச்சை நடைபெறும். இத்தனையும் ஒரு பொழுதில் நிகழக்கூடிய மரணத்தைத் தடுப்பதற்காக. 1886இல் இக்குழந்தைக்கு நம்பிக்கை இல்லை; இன்று காலந்தாழ்த்தாது கொண்டுவரப்பட்டால், தேர்ந்த வைத்தியசாலையில் அது பிழைக்கக்கூடும்; வளர்ந்து பள்ளிக்கூடத்துக்கும் வரக்கூடும்.

படங்கள்

உடல்நலம் குன்றியமையால் 1904இல் ஹிர்ஷ்ஸ்புருங் பதவியை விட்டு நீங்கினார். 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் தமது 85ஆம் வயதில் இறந்தார். தம் பெயர் பெற்ற நோயிலிருந்து ஒரு குழந்தை முற்றாக மீண்டதை அவர் காணவில்லை. தாம் சுட்டிய காரணம் பிழையென்பதையும் அவர் அறியவில்லை.

கொப்பன்ஹேகன் செல்வோர் ஹிர்ஷ்ஸ்புருங் என்ற பெயர் தாங்கிய ஓர் அழகிய ஓவியக் கூடத்தைக் காணலாம். 1911இல் திறக்கப்பட்ட அக்கூடம் சகோதரர் ஹைன்ரிக் புகையிலை வணிகத்தால் ஈட்டிய பொருளைக் கொண்டு சேர்த்த ஓவியங்களால் ஆனது. அதைக் குறைகூறுவதற்கில்லை, நாட்டுக்கு அவர் அளித்த நற்கொடை அது. நானோ அப்பெயரைக் கேட்கும்போது வேறு படங்களை நினைக்கிறேன். காய்ச்சலும் வயிற்றுவலியுமாய்க் கிடந்த ஏழைச் சிறுவரின் கட்டில்களுக்கு மேலே வைத்தியர் விரும்பிய விலங்குப் படங்கள் அவை.

என் மாணவருக்கு இவ்வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் ஒருவன் எழுந்து, பிழையாகச் சொன்னவருக்கு ஏன் இத்தனை பெருமை என்று கேட்பதுண்டு. அவனுக்கு நான் கூறும் விடை எளியது. கருத்துப் பிழைபட்டபோதும் அவர் கண் பிழைபடவில்லை. மலக்குடல் விரிந்திருக்கவில்லை என்ற குறிப்பு, அவர் கொண்ட முடிவுக்குத் துணை செய்வதன்று. அதை விட்டுவிட்டு எழுதியிருந்தால் அவர் கொள்கை மேலும் அழகாக நின்றிருக்கும். அவர் கண்டதைக் கண்டபடி எழுதினார். தம்மைத் திருத்தப்போகும் பின்னோருக்கு வேண்டிய சாட்சியத்தைத் தம் கையாலேயே எழுதிவைத்துச் சென்றார். அந்த நேர்மைக்காகவே அப்பெயர் நிலைத்திருக்கட்டும் என்று நான் கருதுகிறேன்.